அந்த மணலும் துறைமுகம் போட்டதுதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் பார்சிலோனா கடற்கரையைப் பற்றி வந்த பயணக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசையாக. நானும் என் மனைவியும் போய் வந்த இடமாயிற்றே. இரண்டாம் தடவை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு. அங்கே இருப்பது இயற்கை அள்ளிக் கொடுத்த பொன்மணல் என்றும், அவர்கள் அதைக் கண்போலக் காப்பாற்றுகிறார்கள், நாம்தான் மெரினாவைப் பாழாக்கிவிட்டோம் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். குப்பை விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. மணல் விஷயத்தில் இருக்கிறது.

நான் சென்னை ஹார்பரில் 34 வருடம் டேலி கிளார்க்காக இருந்தவன். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டையையும் பெட்டியையும் எண்ணிக் கணக்கு எழுதுகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுகிற பழக்கம் விடவில்லை. பிறந்தது காசிமேட்டுக்கு வடக்கே ஒரு குப்பத்தில். மகளும் மருமகனும் பார்சிலோனாவில் வேலை பார்க்கிறார்கள். போன வருடம் மே கடைசியில் போய் ஜூலை பாதிவரை அவர்களோடு இருந்தோம். அதற்குள் பார்சிலோனெட்டா கடற்கரைக்கு மட்டும் பதினொரு தடவை போயிருக்கிறேன்.

முதல் நாள் மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் போய், கடற்கரையின் பெயரே வைத்த ஸ்டேஷனில் இறங்கினோம். ஒரு பக்கம் படகுத்துறை, மறு பக்கம் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். அந்தச் சாலையின் கடைசியில் கடல். மணலில் கால் வைத்ததும் எனக்கு வந்த சங்கடம் எங்கே பார்ப்பது என்பதுதான். அவ்வளவு பெரிய கூட்டத்தில் உடம்பு முழுக்கத் துணி போட்டிருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும். என் மனைவி சின்னாளப்பட்டிப் புடவையில், தலையில் பேத்தியின் தொப்பியோடு நின்றாள். "நீங்க கடலைப் பாருங்க, போதும்" என்றாள். சரி என்று கடலைப் பார்த்தேன். அப்புறம் அந்த ஊரில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று தெரிந்தது. புடவையைத்தான் இரண்டு கிழவிகள் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மணலின் மேல் தண்ணீர்ப் பக்கம்வரை மரப்பலகை போட்டுப் பாதை வைத்திருக்கிறார்கள். முட்டி வலிக்காரி என் மனைவி அதில் தனியாக நடந்து போனாள். இதைக் கட்டுரையாளர் எழுதவில்லை, எழுதியிருக்கலாம்.

நான் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டேன். மீன்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு பழக்கம். நம் கடலைவிட உப்பு அதிகம். கங்கையும் கோதாவரியும் கிருஷ்ணாவும் வந்து கலக்கிற வங்கக் கடல் இளப்பமான உப்பு; மத்தியதரைக் கடலில் வெயில் குடிக்கிற தண்ணீர் அதிகம், ஆறு கொண்டுவருவது குறைவு. அலையும் நம் அலை இல்லை. காற்றில்லாத நாளில் ஏரி மாதிரி கிடக்கிறது. ஏற்றவற்றம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குக் கொஞ்சம். ஆனால் நாலு எட்டு வைத்தால் தரை சட்டென்று இறங்குகிறது. அந்த இறக்கத்தைப் பார்த்ததும், காலில் குத்திய பருமணலைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். சாம்பலும் பழுப்புமாக, உடைந்த சிப்பி கலந்த மணல். டிரெட்ஜர் கடலடியில் இருந்து உறிஞ்சிக் குழாய் வழியாகத் துப்புகிற மணலை வருடக் கணக்கில் பார்த்தவன் நான். "இது கொண்டு வந்து கொட்டினது" என்றேன். மருமகன் சிரித்தார். அன்று இரவு அவரே கம்ப்யூட்டரில் தேடிப் படித்துவிட்டு, "மாமா, நீங்க சொன்னது சரிதான்" என்றார்.

கொட்டின கதையைப் பிறகு சொல்கிறேன், முதலில் அந்தக் கரையே வந்த கதை. இன்று கடற்கரை இருக்கிற இடத்தில் பழைய காலத்தில் திறந்த கடலும், மாயான்ஸ் என்ற ஒரு சின்னத் தீவும்தான் இருந்தன. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கல்லைக் கொட்டி அந்தத் தீவுவரை சுவர் எழுப்பினார்கள். அந்தக் கரையில் மணல் வடகிழக்கில் இருந்து தென்மேற்காக நகருகிறது. நகர்ந்து வந்த மணல் சுவரில் முட்டி நின்றது. வருடா வருடம் சேர்ந்து சேர்ந்து, தீவு கரையோடு ஒட்டி, ஒரு நாக்கு மாதிரி நிலம் உண்டானது. அந்த நாக்கின் மேல்தான் பார்சிலோனெட்டா என்ற பேட்டையே நிற்கிறது. பெயருக்குக் குட்டி பார்சிலோனா என்று அர்த்தம் என்றாள் பேத்தி. பள்ளிக்கூடத்தில் அவர்களுக்குக் கத்தலான் மொழியில்தான் பாடம். எட்டு வயதில் எங்களுக்கு அவள்தான் துபாஷி.

ஹார்பரில் வேலை பார்த்தவனுக்கு இதைப் படித்தபோது புல்லரித்தது. மெரினாவும் இப்படி வந்ததுதானே! 1875இல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டிக் கல்சுவர் எழுப்பிய பிறகுதான், தெற்கில் இருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் தேங்கி மெரினா அகலமானது. அதற்கு முன் கடல் எவ்வளவோ உள்ளே இருந்தது. தெற்கே தேங்கிய மணல் வடக்கே வர வேண்டிய மணல். ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் வர வேண்டியது வராமல் போனதால் கடல் எங்கள் பக்கம் தின்ன ஆரம்பித்தது. என் ஆயா வீட்டு வாசலில் ஒரு காலத்தில் வலை காயப்போட இடம் இருந்ததாம். எனக்கு நினைவு தெரிந்தபோது வாசலே இல்லை. நான் ஐந்தாவது படிக்கையில் ஒரு கார்த்திகை மாத ராத்திரி பின்சுவரும் போனது. மெரினாவில் சுண்டல் தின்னுகிற யாருக்கும் அந்தச் சுவரைத் தெரியாது, அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

பார்சிலோனாவில் மணலை இழந்த அந்த இன்னொரு பக்கம் எங்கே என்று தேடியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு மத்தாரோ ஊருக்குப் போகும் ரயிலில் ஏறினேன். 1848இல் போட்ட பாதை, ஸ்பெயினின் பெருநிலத்தில் முதல் ரயில் அதுதானாம். தண்டவாளம் கடலை ஒட்டியே போகிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பல இடங்களில் ரயிலுக்கும் அலைக்கும் நடுவே மணலே இல்லை, வெறும் கருங்கல். எண்ணூர் விரைவுச் சாலையில் பஸ்ஸில் போகிற மாதிரியே இருந்தது. அந்தக் கரை நெடுக உல்லாசப் படகுகளுக்காகச் சின்னச் சின்னத் துறைகள் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் மேலிருந்து வருகிற மணலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த ஊருக்கு மிச்சம் வருவதில்லை. கடலுக்குள் நீட்டிப் போடுகிற கல்சுவரை நம் மீனவர்கள் தூண்டில் வளைவு என்கிறார்களே, அந்த மாதிரி கல் வளைவுகளைப் பார்சிலோனா நகரத்துக்குள்ளும் பார்க்கலாம். ஒன்றுக்கு எரிவாயுத் தொழிற்சாலையின் பெயரே நிலைத்திருக்கிறது, பக்கத்தில் அது இருந்ததால். போதாதற்கு ஒலிம்பிக்ஸ் போட்டிக்காகக் கட்டிய படகுத்துறை பார்சிலோனெட்டாவுக்கு மணல் வருகிற வழியில் உட்கார்ந்திருக்கிறது. ஆகையால் ஒரு காலத்தில் மணல் வாங்கிய கரை இப்போது மணல் இழக்கிற கரை. மாரிக்காலப் புயலில் போகும், கோடைக்கு முன் சரிசெய்வார்கள். நான் கையில் தேய்த்துப் பார்த்தது அப்படி இழந்ததற்கு ஈடாகக் கொண்டு வந்து கொட்டின மணல்தான். 2020 ஜனவரியில் குளோரியா என்ற புயல் வந்து வாரிக்கொண்டு போயிற்று. வடக்கே தோர்தேரா ஆற்றின் மேல் இருந்த ரயில் பாலமே அதில் விழுந்துவிட்டது.

இதெல்லாம் பயணக் கட்டுரையில் எழுத முடியுமா என்று கேட்பீர்கள். சரி, மணலை விடுங்கள். மனிதர்களையாவது எழுதியிருக்கலாம்.

1714இல் ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் பெலிப்பேயின் படை நகரத்தைப் பிடித்ததும், மக்களை அடக்கி வைக்க ஒரு பெரிய கோட்டை கட்டினார்கள். கோட்டைக்கு இடம் வேண்டும் என்று ரிபேரா பேட்டையில் ஏராளமான வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். மாற்று இடம் என்று இந்த மணல் நாக்கில் வீடு கட்டத் தொடங்கியது 1753இல். கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்து! இழப்பீட்டுக்கு அலைவது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை என்று எனக்கு ஒரு அற்ப திருப்தி. ராணுவப் பொறியாளர் போட்ட வரைபடம் என்பதால் தெருக்கள் எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி. அந்த வீடுகளைப் பிற்காலத்தில் பாதியாக, பிறகு காலாகப் பிரித்தார்கள். கால் வீடு என்பதே அங்கே ஒரு அளவு. சுமார் 30 சதுர மீட்டர். அதில் குடும்பமே இருந்தது, இன்னும் இருக்கிறது. சந்தில் நிமிர்ந்து பார்த்தால் பால்கனிக்குப் பால்கனி துணி காய்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் நிற்கிறோமோ என்று ஒரு நிமிடம் மயங்கினேன்.

அதற்கு வடக்கே சோமொர்ரோஸ்த்ரோ என்று ஒரு கடற்கரை. இன்று அங்கேயும் துண்டு விரித்துப் படுத்திருக்கிறார்கள். 1966வரை அது குடிசைப் பகுதி. மணலின் மேலேயே தகரமும் பலகையும் வைத்துக் கட்டிய வீடுகள், ஆயிரக்கணக்கான ஜனங்கள், ரோமா (ஜிப்சி) இனத்தவர் நிறைய. கடல் பொங்கினால் வீடு போகும். பிளாமெங்கோ நடனத்தில் உலகப் புகழ் பெற்ற கார்மென் அமாயா பிறந்த இடம் அது என்கிறார்கள். பக்கத்தில் அவர் பெயரில் ஒரு நீரூற்று இருக்கிறது. அப்போது ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி பிராங்கோ முன்னிலையில் கடற்படைப் பயிற்சி நடக்கப்போகிறது என்று அந்த வருடம் மிச்சமிருந்த குடிசைகளையும் அவசர அவசரமாக அகற்றினார்கள். ஜனங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். சென்னைக் குடிசை ஜனங்களைக் கொண்டுபோய் விட்ட கண்ணகி நகர், செம்மஞ்சேரி தெரிந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

கடற்கரை ஓரத்தில் தினமும் டோமினோ ஆடுகிற பெரியவர்கள் கூட்டம் ஒன்று உண்டு. வெயிலில் கறுத்து, கால்சட்டை மட்டும் போட்டு, காயை மேசையில் ஓங்கி ஓங்கி அடிப்பார்கள். நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். நாலாவது நாள் ஒரு பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். எண்பது வயதுக்குமேல் இருக்கும். பேத்தியை வைத்துப் பேசினோம். அவர் சிறுவனாக இருந்தபோது இந்தப் பக்கம் தொழிற்சாலைப் புகையும் ரயில் பாதையும் சாக்கடையும்தானாம். ஊர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது என்றார். மணலிலேயே மேசை போட்டு மீன் பொரித்துக் கொடுக்கும் கடைகள் இருந்தனவாம். 1992 ஒலிம்பிக்ஸுக்கு முன்னால் அவற்றை எல்லாம் இடித்துவிட்டார்கள். "கடற்கரை நல்லா ஆயிடுச்சா?" என்று கேட்கச் சொன்னேன். அவர் ஒரு காயை அடித்துவிட்டு என்னவோ சொன்னார். பேத்தி யோசித்து மொழிபெயர்த்தாள்: "நல்லா ஆயிடுச்சாம் தாத்தா, ஆனா அவங்களுக்கு இல்லையாம்."

அந்த இடிந்த கடைகளின் ஞாபகமாக மணலில் ஒரு சிற்பம் நிற்கிறது. துருப்பிடித்த நாலு இரும்புப் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கோணல்மாணலாக அடுக்கின மாதிரி. ரெபெக்கா ஹோர்ன் என்ற ஜெர்மன் கலைஞர் செய்தது. நான் முதலில் பார்த்தபோது கன்டெய்னர் சரிந்துவிட்டது என்றே பதறினேன்.

கட்டுரையாளர் பெரிதாகப் புகழ்ந்த சுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூன் 23 ராத்திரி சான் ஜுவான் திருவிழா. ஊரே கடற்கரைக்கு வந்துவிட்டது. வெடி, வெடி, அப்படி ஒரு வெடி. தீபாவளியும் காணும் பொங்கலும் ஒரே ராத்திரியில் வந்த மாதிரி. பழமும் சர்க்கரையும் வைத்த கோக்கா என்ற ஒரு பணியாரத்தை ஆளுக்கொரு துண்டு தின்றோம். விடிகாலையில் தூக்கம் வராமல் நானும் மருமகனும் மறுபடி போனோம். மணலே தெரியவில்லை, அவ்வளவு பாட்டில், தட்டு, தகர டின். தூங்கிக்கிடந்தவர்களை எழுப்பிவிட்டு, டிராக்டர் மாதிரி வண்டிகளும் கையுறை போட்ட ஆட்களும் ஒரு ஓரத்தில் இருந்து ஆரம்பித்தார்கள். காலையிலேயே பளிச்சென்று ஆகிவிட்டது. ஆக, குப்பை போடுவதில் அவர்கள் நமக்கு இளைத்தவர்கள் இல்லை. குப்பையை வாரி எடுக்க ஆள் வைத்திருக்கிறார்கள், வண்டி வைத்திருக்கிறார்கள், அந்த ஆட்களுக்குச் சம்பளமும் பூட்சும் இருக்கிறது. ஒழுக்கம், பண்பாடு என்று கட்டுரையாளர் இழுத்ததைவிட இது சுலபமான விளக்கம். சிகரெட்டை மட்டும் 2022இல் இருந்து எல்லாக் கடற்கரையிலும் தடை செய்துவிட்டார்கள், மாட்டினால் 30 யூரோ. மருமகன் அன்றைக்கு ரோட்டோரம் போய் நின்றதற்கு அதுதான் காரணம் (என் மகள் இந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை).

"செர்வேசா, பீர், ஆகுவா" என்று கூவி டின் விற்கிற பையன்களைக் கட்டுரை தொல்லை என்று ஒரு வரியில் தள்ளிவிட்டது. அவர்களில் பாதிப்பேர் நம் பக்கத்து முகம். ஒருவனிடம் என் ஹார்பர் ஹிந்தியில் பேச்சுக் கொடுத்தேன். லாரி டிரைவர்களோடு பேசிப் பழகினது. பாகிஸ்தான் பஞ்சாபில் இருந்து வந்தவன், இருபத்தைந்து வயது இருக்கும். நாள் முழுக்க மணலில் நடந்து விற்றால் வாடகையில் தன் பங்குக்குத் தேறும் என்றான். பேசிக்கொண்டே இருக்கையில் தூரத்தில் யாரோ சீழ்க்கை அடித்தார்கள். போலீஸ் வண்டி. பையை மணலில் போட்டுத் துண்டை மூடி, என் மனைவி பக்கத்தில் சட்டென்று உட்கார்ந்து, "மாஜி, ரெண்டு நிமிஷம்" என்றான். அவளும் கேட்காமலே புடவைத் தலைப்பை இழுத்து அந்தப் பையின் மேல் விட்டாள். வண்டி போனதும் எழுந்து, ஒரு தண்ணீர் பாட்டிலை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினான். காசு வாங்கவில்லை. சட்டப்படி நாங்கள் செய்தது தப்பாக இருக்கலாம். எழுதிவிட்டேன்.

திருட்டு நடக்கும் என்று கட்டுரையாளர் எச்சரித்தது உண்மை, அதற்கு நானே சாட்சி. ஏழாவது தடவை போனபோது ஒருவன் முன்னால் வந்து வரைபடத்தை விரித்து எனக்குத் தெரியாத பாஷையில் வழி கேட்டான். வழி தெரிந்த மாதிரி நானும் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். திரும்பினால் மஞ்சப்பை இல்லை. உள்ளே தயிர்சாதம், மாவடு, என் பிரஷர் மாத்திரை, மூக்குக் கண்ணாடி. பாஸ்போர்ட்டை வீட்டிலேயே வைக்கச் சொன்ன மருமகன் புண்ணியவான். மாவடுவைக் கடித்தவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து என் மனைவி ஒரு வாரம் சிரித்தாள்.

அந்தப் பேட்டை பால்கனிகளில் மஞ்சளும் நீலமுமாக ஒரு கொடி தொங்கும், அது பார்சிலோனெட்டாவின் சொந்தக் கொடி. கூடவே சில வீடுகளில் துணியில் எழுதிய பேனர், சுற்றுலா வாடகை வீடு வேண்டாம் என்று. 2014இலேயே இந்தச் சந்துகளில் ஊர்வலம் போயிருக்கிறார்கள். 2024 ஜூலையில் நகரத்தில் நடந்த போராட்டத்தில் சுற்றுலாப் பயணிகள் மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சியது நம் டிவியிலும் வந்தது. பத்தாயிரம் சொச்சம் சுற்றுலா வீடுகளின் உரிமத்தை 2028க்குள் முடித்துவிடுவோம் என்று மேயர் ஜாவுமே கொல்போனி அறிவித்திருக்கிறார். கால் வீட்டை நாள் வாடகைக்கு விட்டால் லாபம்; அதில் குடியிருந்தவன் எங்கே போவான்? 1714க்குப் பிறகு இடித்து விரட்டினார்கள், 1966இல் வண்டியில் ஏற்றி விரட்டினார்கள், இப்போது வாடகையை ஏற்றி விரட்டுகிறார்கள். "கடற்கரைக்கு எதிரிலேயே வீடு எடுத்துத் தங்குங்கள், அருமையாக இருக்கும்" என்று உங்கள் கட்டுரையில் கட்டம் கட்டி யோசனை போட்டிருக்கிறீர்கள். அதை மட்டுமாவது நிறுத்தியிருக்கலாம். ஊரில் வேறு எங்கேயாவது ஓட்டலில் தங்கி மெட்ரோவில் போனால் கடல் ஓடிவிடப் போவதில்லை.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு அரைப் பக்கத்துக்குப் போட்ட படத்தில், பாய்மரம் மாதிரி வளைந்து நிற்கும் கண்ணாடிக் கட்டடத்துக்குக் கீழே "பார்சிலோனெட்டா கடற்கரை" என்று அச்சிட்டிருக்கிறது. அந்தக் கட்டடம் 2009இல் திறந்த ஓட்டல். அது இருப்பது தெற்குக் கோடியில், சான் செபஸ்தியா கடற்கரையில். பார்சிலோனெட்டாவுக்கு அங்கிருந்து சான் மிகேல் கடற்கரையைத் தாண்டி வர வேண்டும். முட்டி வலியோடு என் மனைவிக்கு அரைமணி நேரம் ஆயிற்று, நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.